அம்மா மட்டும் அசைந்த படம்

போட்டோ வகுப்புக்குப் போகும் என் மகள் எங்கள் பழைய குடும்பப் படத்தை உற்றுப் பார்த்தாள். "வெளிச்சம் கம்மின்னா ஷட்டர் மெதுவாத்தான் மூடும்மா. அதுக்குள்ள அசையறவங்க கலைஞ்சு போயிருவாங்க."

அந்தப் படம் எடுத்த அன்று ஜேடர்பாளையத்தில் ஆடிப்பதினெட்டு. வானம் மூடிக் கிடந்தது. எங்களைக் காவிரிப் படித்துறையில் நிறுத்திய ஸ்டுடியோக்காரர், "ஆரும் அசையாதீங்க" என்றார். ஐந்து வயதுக்காரி நான், வாய் நிறையக் காப்பரிசியோடு தண்ணீரைப் பார்த்து ஓடினேன்.

"சாமீ, போகாத!" அம்மா என் பக்கம் திரும்பினாள்.

ஓடிய நான் படத்திலேயே இல்லை. மற்ற எல்லா முகமும் தெளிவாக விழுந்தது. அவள் முகம் மட்டும் ஈரத்துணியால் துடைத்ததுபோல் இருந்தது. அடுத்த தையில் அவள் இறந்தபோது மாலை போட வேறு படமில்லை.

மகள் அந்தப் படத்தைக் கைபேசியில் எடுத்து ஏதோ செய்தாள். அம்மா இருந்த இடத்தில் தெளிவான முகமொன்று வந்தது.

"அம்மாயி இப்படித்தான் இருந்தாங்களா?"

ஆமாம் என்று சொல்லவும் இல்லை என்று சொல்லவும் எனக்கு அம்மாவின் முகம் நினைவில் இல்லை.