இருமத் தெரியாத ஆமை

எங்கள் சித்தப்பாவுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, தைலம். மைசூரில் ஓர் ஊதுபத்திக் கம்பெனியில் வாசனை எண்ணெய் கலக்கும் வேலை. வயிற்றுவலிக்கும் தைலம், பரீட்சை பயத்துக்கும் தைலம். அவர் வருவதற்கு முன்னால் அவர் வாசனை எங்கள் கூட்டுக்குடும்ப வீட்டுக்குள் வந்துவிடும். பெரிய வைத்தியர் என்ற நினைப்பு வேறு.

சித்தி ஓர் ஆமை வளர்த்தாள். வீட்டுக்கு ஆகாது என்று அப்பா முதல் எல்லோரும் சொல்லியும் வளர்த்தாள். அவளை எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

ஆயுத பூஜை அன்று சைக்கிளுக்கும் சுத்தியலுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த சித்தப்பா, ஆமைக்கும் ஒரு பொட்டு வைத்தார். அதோடு விட்டுத் தொலைத்திருக்கலாம். அதன் மூக்கில் சளி குமிழியிட்டதைப் பார்த்துவிட்டார். நீலகிரித் தைலத்தை ஓட்டிலும் கழுத்திலும் பூசி, தைலத்தில் நனைத்த துணியையும் போட்டு, அதன் பெட்டியை மூடினார். வீடு முழுக்க ஊதுபத்திப் புகை.

சித்தி இருமிக்கொண்டே சமையலறையிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தாள். ஆமை கழுத்தை முழுவதும் நீட்டி வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? அது சாவுதுங்க!"

"ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது, சும்மா இருடி. சளி இளகுது."

"உங்களை இந்தப் பெட்டியில போட்டு மூடறேன். இளகுதான்னு பார்ப்போம்."

நான் சிரித்துவிட்டேன். அடுத்து அவள் செய்ததைப் பார்த்துச் சிரிப்பு நின்றுபோனது. சாமி படத்துக்கு முன்னால் எரிந்த ஊதுபத்திகளை அப்படியே பிடுங்கி வாளித் தண்ணீரில் முக்கினாள். பூஜை நடுவில்! அப்பா அபசகுனம் என்று கத்தினார். அவள் காதிலேயே வாங்கவில்லை. ஜன்னல்களையெல்லாம் திறந்தாள். ஆமையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்து, ஜன்னலோரம் காற்றில் வைத்தாள். சாயங்காலம்தான் அதன் வாய் மூடியது.

பூஜை லீவு முடிந்து கால்நடை ஆஸ்பத்திரி திறந்ததும் அங்கே தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, சித்தப்பாவைக் கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கினார். தைல வாடையே இதன் பக்கம் வரக்கூடாது, மனிதன் என்றால் சளியை இருமியாவது வெளியே தள்ளுவான், ஆமைக்கு இரும வராது என்றார்.

ஆமை பிழைத்தது. சித்தப்பாவையும் சொல்ல வேண்டும். அன்று முதல் வாசலிலேயே சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் ஆமை இருந்த அறைக்குள் போனார். ஆமைக்காக.

சித்தி அந்த வீட்டில் வருஷக்கணக்காக இருமிக்கொண்டிருந்தாள். ஜன்னல்களைத் திறந்த அன்று, ஆமைக்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து விட்டபடி வெகுநேரம் நின்றாள். கோபம் இன்னும் தணியவில்லை என்று அப்போது நினைத்தேன்.