எனக்காக ஏறிய கொடிகள்

ரொறன்ரோ துறையில் ஓர் உல்லாசப் படகைக் கழுவித் துடைப்பது அப்போது என் வேலை. இரண்டாம் உலகப் போரில் கடற்படை அதற்குப் பீரங்கி பூட்டி ரோந்துக்கு விட்டதாம். போர் முடிந்து படகு திரும்பியபோது, முதலாளியம்மாவின் அப்பா அதில் வண்ணக் கொடிகள் கட்டினாராம்.

இலங்கையில் போர் முடிந்ததென்று வானொலி சொன்ன காலையில், அந்த வெள்ளைக்கார அம்மா அதே கொடிகளை எனக்காகக் கட்டினார். "இனி உன் வீட்டாருக்கு நிம்மதி," என்று என்னைக் கட்டிப்பிடித்தார்.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. வன்னிக் கடற்கரையிலிருந்து அக்கா போனில் கடைசியாகக் கேட்டது இதுதான்: "தம்பி, பின்னாலை ஆமி, கடலிலை நேவி. எங்கையடா போறது?" பிறகு அவள் போனை எடுக்கவேயில்லை.

அதைச் சொன்னேன். அவர் படகில் ஏறி ஒவ்வொரு கொடியாக அவிழ்த்தார்.

அந்தக் கோடை முழுவதும், கல்யாண விருந்துகளுக்குக்கூட, அந்தப் படகில் கொடி ஏறவில்லை. நான் அக்காவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன்.