மண்டபத்துக்கு ஒரு காது, மேடைக்கு ஒரு காது

எனக்கு மறதி அதிகம். அவமானம் மட்டும் மறக்காது.

எங்கள் மைக் செட்டில் ஸ்பீக்கர் கட்டுவது என் வீட்டுக்காரர். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் என் கையில். காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபங்களில் எதிரே உட்காருகிறவர்களில் பாதிப் பேர் தறிக்காரர்கள். வருஷக்கணக்காகத் தறிச் சத்தத்தில் இருந்த காதுக்குப் பாட்டு கேட்கும், வார்த்தை பிடிபடாது. அதனால் வார்த்தையைத் துலக்கிக் காட்டுகிற ட்ரெபிளைக் கொஞ்சம் தூக்கி வைப்பேன். என் அப்பாவும் நெசவாளி. அவர் காதை வைத்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

ஒரு சொந்தக்காரர் வீட்டு வரவேற்பு. பாட வந்தவர் காலி மண்டபத்தில் பாடிப் பார்த்துவிட்டு, ட்ரெபிள் காதைக் குத்துகிறது என்றார்.

"ஜனம் வந்து உக்காந்தா சரியாயிடும் சார். ஆளும் பட்டுப் பொடவையும் பாதி சத்தத்தக் குடிச்சிடும்," என்றேன்.

என் கையைத் தட்டிவிட்டுத் தானே குறைத்தார். "தறி சத்தத்துல பொறந்த பொண்ணு நீ. சுருதி பத்தி உனக்கு இன்னாமா தெரியும்? இனிமே இத தொடாத." பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரை சிரித்தார்கள். வீட்டுக்காரர் வயரைச் சுற்றுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் தொடவில்லை. மண்டபம் நிறைந்ததும் அவர் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆயிற்று. பாடிக் கெடட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் மேடையில் அவருக்கென்று தனி ஸ்பீக்கர். அதில் அவர் குரல் அவருக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனந்தமாகப் பாடி முடித்து இறங்கி வந்தார். "பாத்தியா, சொன்னத கேட்டா எவ்ளோ நல்லா இருக்குது," என்றார்.

முன்வரிசையில் அப்பா இரண்டு மணி நேரமும் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தபடி இருந்தார். "ஒரு வார்த்த புரியலமா," என்றார். யாரைப் பழிவாங்கினேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆவணியில் சின்ன காஞ்சிபுரத்தில் இன்னொரு உறவுக்காரக் கல்யாணம், அதே பாடகர். இந்த முறை காலி மண்டபத்தில் அவர் குறைக்கச் சொன்னதையெல்லாம் குறைத்தேன். கூட்டம் வந்ததும் மண்டபத்து ட்ரெபிளைத் தறிக்காரர் காதுக்கு ஏற்றினேன். மேடை ஸ்பீக்கரை மட்டும், அவர் குரல் அவருக்கே எட்டாதபடி, மெல்ல இறக்கினேன்.

மூன்றாவது பாட்டில் அவர் காதருகே கையைக் குவித்தார். மேடை ஸ்பீக்கரைக் காட்டி, ஏற்றச் சொல்லி எனக்குச் சைகை செய்தார். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அன்றைக்குத் தொடாதே என்றவர் அவர்தானே. கொஞ்ச நேரத்தில் குரல் தடம் புரண்டது. அது பளிச்சென்று கடைசி நாற்காலி வரை கேட்டது.

கச்சேரி முடிந்து அப்பா என்னிடம் வந்தார். இரண்டடி தள்ளிப் பாடகர் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார். தறிக்காரரான அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது.

"இன்னிக்கு எல்லா வார்த்தையும் கேட்டுச்சிமா," என்றார். "பாவம், அவருக்குத்தான் சுருதி சேரல."