ஜீவராணியின் சிற்றுண்ணிகள்

ஜீவராணி வீட்டு வாசலை வெறும் வயிற்றோடு யாரும் தாண்டிவிட முடியாது. மீட்டர் பார்க்க வருகிற மனுஷர்கூட இப்போதெல்லாம் சோற்று நேரம் பார்த்துத்தான் தெஹியோவிட்டவிலிருந்து மலையேறுகிறார் என்று தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கேலி பேசுவார்கள். "தின்னுட்டுப் போங்க, மத்ததைப் பொறவு பேசலாம்" என்பதுதான் அவள் வாயில் வருகிற முதல் பேச்சு. இப்படிப்பட்டவளிடம் போய் வேட்டைப் பூச்சியை வளர்க்கக் கொடுத்தால் என்ன ஆகும்? ஆனதைத்தான் சொல்லப் போகிறேன்.

மாசி வெயில் வந்தால் அந்தத் தோட்டத்துத் தேயிலையில் செம்பேன் விழும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் சாற்றை உறிஞ்சி உறிஞ்சி ஒரு மலையையே துருப்பிடித்த தகரம் மாதிரி ஆக்கிவிடும். அதற்கு மருந்தடிக்கிறவன் ஜீவராணியின் புருஷன் சுரேந்திரன். வருஷக்கணக்காக மருந்து டாங்கியை முதுகில் கட்டி அடித்தவன், போன வெயிலில் மலையிலேயே மயங்கி விழுந்தான். இனி டாங்கி தூக்கினால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு ஆள் கிடையாது என்று தோட்டத்தை நடத்துகிற துரையும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த இரண்டு கண்டிப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஜீவராணி அரை ஆளாகிப் போனாள்.

அந்த நேரத்தில்தான் றஸ்மியா மிஸ் வந்து சேர்ந்தார். மாவனல்லைக்காரர், பூச்சிப் படிப்புப் படித்தவர். செம்பேனைத் தின்கிற இன்னொரு பேன் இருக்கிறது, அதை வளர்த்து மலையில் விட்டால் மருந்தே வேண்டாம் என்று துரையிடம் பேசி, மாசி முடியும்வரை தவணை வாங்கினார். வேலைக்குப் போகிறவர்கள் முன்பு குழந்தைகளை விட்டுப்போன, இப்போது மூடிக் கிடந்த பிள்ளைக் காம்பராவைக் கழுவித் தட்டு தட்டாகத் தவிடு பரப்பி, வாசலில் 'இரைகௌவும் சிற்றுண்ணி' என்று எழுதி ஒட்டினார். பாதிப் பேர் அதைச் சிற்றுண்டி என்று வாசித்துவிட்டு வடை கேட்டு வந்தார்கள். உதவிக்கு வந்தவள் ஜீவராணி. யாரும் கூப்பிடவில்லை, தானாகவே போய் நின்றாள்.

"என்னக்கா, கடையில இன்னிக்கு என்ன?" என்று கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் சீண்டுவார்கள்.

"ஒங்களுக்கு ஒன்னுமில்ல. எல்லாம் எம்புள்ளைங்களுக்கு" என்பாள்.

லென்ஸில் கண்ணை வைத்தால் அவளுக்கு எடுக்க மனம் வராது. மாவு நிறத்தில், ஒரு சொட்டு நெய் உருண்டு ஓடுவது போல ஓடும்.

"இதுக்குக் கண்ணு எங்க மிஸ்?"

"கண்ணே இல்ல. முன்னங்காலால தடவித் தடவித்தான் போகும். பேன் கடிச்ச இலையில இருந்து ஒரு வாசம் வரும். அதைப் புடிச்சுப் போகும்."

"அப்ப மூக்கு இருக்குதானே?"

"மூக்கும் அந்தக் காலுதான்."

காலால் மோப்பம் பிடிக்கிற சென்மமும் உண்டா என்று அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. கடித்து மெல்லாது, குத்தி உறிஞ்சும், தோலை மட்டும் விட்டுவிட்டுப் போகும். தின்றதன் நிறம் வயிற்றில் தெரியும். இங்கே தவிட்டில் பிடிக்கிற வெள்ளைப் பேனைத்தான் தீனியாகப் போட்டார்கள். அதனால் எல்லாமே வெள்ளையாக இருந்தன.

ஒருநாள் தீனி குறைந்துவிட்டது. அன்று லென்ஸில் பார்த்தவள் திடுக்கிட்டாள். பெரிய பேன் ஒன்று, தன் இனத்து முட்டையையே குத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"பெத்ததையே திங்குமா மிஸ்?"

"பசிச்சா திங்கும்."

அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. என் கையில் இருக்கிறவரை ஒன்றும் பட்டினி கிடக்கக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள்.

அந்த முடிவுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பேன்களைப் போட்டு மலையில் செடிக்குச் செடி தொங்கவிடும் காகிதப் பொட்டலத்தில் மிஸ் கொஞ்சம் தவிடும், வழிக்குக் காணுமளவு தீனியும் வைப்பார். மிஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் ஜீவராணி ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கூட்டி வைப்பாள். ஏழாம் நம்பர் மலை முழுக்கப் பொட்டலம் தொங்கியது. இலையோ நாளுக்கு நாள் கருகிக்கொண்டே போனது.

மாசிக் கடைசியில் துரை வந்து பார்த்தார். "சரி மிஸ், போதும். திங்கக்கிழமை சுரேந்திரன டாங்கியோட வரச் சொல்லுங்க."

சுரேந்திரன் டாங்கியைக் கழுவப் போனான். அதைக் கண்டதும் ஜீவராணி மிஸ்ஸையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். மலைக்கு ஓடி, "நன்றிகெட்டதுங்களா, ஊட்டி ஊட்டி வளத்தேனே" என்று ஒரு பொட்டலத்தைப் பிய்த்து மிஸ்ஸின் கையில் கொட்டினாள். மிஸ் லென்ஸை வைத்துப் பார்த்தார். உள்ளே குட்டியும் குடும்பமுமாக அப்படியே இருந்தன. ஒன்றுகூட வெளியே காலெடுத்து வைத்த மாதிரித் தெரியவில்லை.

"இவ்வளவு தீனி நான் போடல்லியே ஜீவராணி."

"நாந்தான் போட்டேன் மிஸ். வெறும் வயித்தோட எப்புடி அனுப்புறது?"

மிஸ் அப்படியே மேட்டில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. "பந்தியில உக்காந்தவன் எழும்பி வேட்டைக்குப் போவானா?" என்றார் கடைசியில்.

துரையிடம் மன்றாடி இன்னும் இரண்டு கிழமைத் தவணை வாங்கினார் மிஸ். ஜீவராணிக்கு அவர் போட்ட ஒரே நிபந்தனை, இந்தத் தடவை பட்டினி போட்டுத்தான் விட வேண்டும். தீனியை நிறுத்த வேண்டியவள் ஜீவராணி. தட்டில் அவை அங்குமிங்கும் காலால் துழாவி அலைவதைப் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டி நின்றாள். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொண்டாள். தவிட்டுப் பானையைத் தொடவில்லை. பிறகு மலைக்குப் போய், தன் கையாலேயே அவற்றை இலை இலையாகத் தட்டிவிட்டாள்.

தவணை முடிகிற சமயத்தில் ஏழாம் மலையில் துளிர் பச்சையாக வந்தது. துரை சுற்றிப் பார்த்துவிட்டு டாங்கியை ஸ்டோரில் போடச் சொன்னார். அன்று பின்னேரம் சுரேந்திரனை மலைக்குக் கூட்டிப் போய் லென்ஸைக் கொடுத்தாள் ஜீவராணி.

"வயிறு செவந்து கெடக்கே."

"நல்லாத் தின்னுருக்குங்க."

அவன் வெகுநேரம் பார்த்தான். "சரி, செம்பேன் எல்லாம் முடிஞ்சப்பொறவு இதுங்க எதைத் திங்கும்?"

"ஒன்னையொன்னு திங்கும். முட்டையத் திங்கும். பொறவு பட்டினியில செத்துப் போகும்."

"தெரிஞ்சேதான் வுட்டியா?"

"தெரிஞ்சேதான்" என்றாள். பாவமாகத்தான் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. "ஒன்னு நீங்க, இல்லாட்டி அதுங்கன்னு வந்திருச்சு. நான் என்னங்க செய்ய?"

சுரேந்திரன் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தான். இருவரும் மலையை விட்டு இறங்கினார்கள்.