இறங்கிக்கொண்டிருந்த புல்வெட்டி

வேனை நிறுத்தும்போது முதலில் கண்ணில் பட்டவை பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள். சிங்கப்பூரின் துவாஸில் எங்கள் யார்டுக்கு எதிரே இருக்கும் காலி நிலம் அது. பழைய டிராக்டர் புல்லுக்கு நடுவில் நின்றிருந்தது. அதன் பின்னால் தூக்கி நிறுத்திய இரும்புப் புல்வெட்டிக்கு அடியிலிருந்து அந்தக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. எஞ்சின் ஓடவில்லை. புல்வெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. கண் எடுக்காமல் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு மெதுவாக.

எனக்குச் சத்தம் போட வராது. பஸ்ஸில் வழி கேட்கக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். அன்றைக்கும் வாயைத் திறந்தேன். "பாய்" என்று வந்தது, எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வேனில் கிடந்த ஸ்பேர் டயரை இழுத்துப்போட்டு, உருட்டிக்கொண்டு ஓடி, புல்வெட்டியின் விளிம்புக்கு அடியில் சாய்த்துத் தள்ளினேன்.

"யாருடா அது?"

"நான்தான் பாய். வெளிய வாங்க."

"இரு, பிளேடுல வலை சுத்திக்கிட்டு நிக்குது. இன்னும் ஒரு இழுப்பு."

"வெளிய வாங்க பாய்."

கட்டடக்காரர்கள் எறிந்துவிட்டுப் போன பச்சை வலை ஒரு கை நிறைய இருக்க, ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் புல்.

"என்ன தம்பி, உன் மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு? அது இறங்குற வேகம் எனக்குத் தெரியும். தூக்கிட்டு எஞ்சினை நிறுத்தினா ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் இருக்கு."

"எத்தனை நாளா இப்படி?"

குனிந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

பாய்தான் அந்த டிராக்டரின் டிரைவர், நான் மெக்கானிக். என்னைவிட மூத்தவர். என் தலை நரைத்த பிறகும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அவர் குடும்பத்துக்குத் தேக்கா கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை. கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தவர். புல்வெட்டி தானாக இறங்குவதை அவர் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். போன தடவை இந்த வண்டி மக்கர் செய்தபோது, இனி ஒரு ரிப்பேர் வந்தால் காயலான் கடைக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். புதிய மெஷின்களுக்கெல்லாம் இளவட்டங்கள் இருக்கிறார்கள். டிராக்டர் போனால் பாயும் போக வேண்டியதுதான்.

புல்வெட்டியைச் சங்கிலியால் தூக்கிக் கட்டி, வண்டியை யார்டுக்கு ஓட்டி வந்தோம். முதல் வேலையாக, டிராக்டரிலிருந்து புல்வெட்டிக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டைக் கழற்றி என் வேனில் வைத்தேன்.

"அதை ஏன் உன் வண்டில வைக்கிற? தேக்காவுல கொண்டுபோய் விக்கப்போறியா?"

"இல்ல பாய். இது இங்க இருந்தா நீங்க மாட்டிடுவீங்க."

அவர் சிரிக்கவில்லை.

எஞ்சினை ஓட விட்டுப் பார்த்தேன். அந்த மாடலில் தூக்குகிற பம்புக்கும், பின்னால் பி.டி.ஓ. என்கிற சுழலும் முனைக்கும் ஒரே இடத்திலிருந்துதான் இயக்கம் வருகிறது. தூக்க வேண்டுமென்றால் அதுவும் சுழலும். கிளட்சை அடிவரை மிதித்தால் இரண்டும் நிற்க வேண்டும். நிற்கவில்லை. முழுக்க மிதித்த பிறகும் முனை சோம்பலாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. பாய் எஞ்சினையே நிறுத்திவிட்டு உள்ளே போனதற்குக் காரணம் இப்போது விளங்கியது. பிளேடு சுற்றும் என்ற பயம். எஞ்சினை நிறுத்தினால் புல்வெட்டியைத் தூக்கும் லிப்ட் இறங்கும். ஒரு கோளாறுக்குப் பயந்து இன்னொரு கோளாறுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறார்.

கிளட்ச் பெரிய விஷயமாக இல்லை. பெடல் கம்பி தளர்ந்து பாதி மிதி வீணாகப் போய்க்கொண்டிருந்தது. சரிசெய்ததும் முனை நின்றது. லிப்ட்தான் பயமுறுத்தியது. தூக்கும்போது குளிர்காய்ச்சல் வந்த ஆள் மாதிரி உதறியது. அளவுகோலை உருவிப் பார்த்தேன். எண்ணெய் கோப்பிக்கடைப் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. உள்ளே தண்ணீர்.

எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. கியர் கம்பியின் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் தவறாமல் பாய் பிரஷர் பைப்பால் டிராக்டரைக் குளிப்பாட்டுவார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவன் வண்டியை அழுக்காக விட்டுவிட்டா போவான் என்பார். ஸீட்டுக்கடியில், கியர் கம்பியைச் சுற்றி, ஒரு மூலை விடமாட்டார். கியர்பெட்டிக்கும் லிப்டுக்கும் ஒரே எண்ணெய். அந்த உறையை நான் ஒரு முறை பார்த்தேன், அவரை ஒரு முறை பார்த்தேன்.

போன் அடித்தது. சூப்பர்வைசர் பெண்.

"அங்கிள், டிராக்டர் ஓகேவா இல்லையா? பாஸ் கேக்குறாரு லா. இல்லைன்னா லாரிக்குச் சொல்லிடலாம்ங்கிறாரு."

எந்த லாரி என்று கேட்கத் தேவையில்லை, காயலான் கடை லாரிதான். பாய் என் எதிரே நின்று, சரின்னு சொல்லு, சொல்லு என்று ஜாடை காட்டினார்.

"மத்தியானத்துக்கு மேல சொல்றேன்மா."

போனை வைத்ததும் பிடித்துக்கொண்டார். "ஓகேன்னு ஒரு வார்த்தை. சொன்னா உன் வாய்லேருந்து முத்தா உதிர்ந்துடும்? உனக்கென்ன, புக்கிட் மேரா வீட்டுக்குப் போய் கால் நீட்டிப் படுத்துடுவ. நான் வீட்ல உக்காந்து சுவத்தையா பார்க்கிறது?"

நான் வடிகால் திருகைக் கழற்றினேன். அவர் திட்டிக்கொண்டே தொட்டியை அடியில் தள்ளி வைத்தார்.

கலங்கின எண்ணெயை வடித்து, பக்கவாட்டு மூடியைத் திறந்து வடிகட்டியை எடுத்தபோது அதன் மேல் துருச்சேறு அப்பியிருந்தது. கழுவினேன். மலிவான எண்ணெய் ஊற்றி ஓடவிட்டு, அதையும் வடித்து, புது எண்ணெய் ஊற்றினேன். உதறல் நின்றது. ஆனால் அது பாதிதான். வால்வில் அழுக்கு உட்கார்ந்ததால் இறங்கியிருந்தால் இனி நிற்கும். உள்ளே பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் சூடானதும் மறுபடி இறங்கும். வளையம் என்றால் நான் லாரி என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அதைப் பாயிடமும் சொன்னேன். நான் அவரிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

எண்ணெய் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினோம். புல்வெட்டியைத் தூக்கி, சங்கிலியை அவிழ்த்து, அடியில் மரக்கட்டை அடுக்கினேன். கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே எண்ணெய்ப் பெட்டியின் அட்டை நுழையும் இடைவெளி மட்டும். அட்டையைச் செருகி எஞ்சினை நிறுத்தினேன். புல்வெட்டி இறங்கினால் அட்டை மாட்டிக்கொள்ளும்.

பாய் தேக்காவிலிருந்து வாங்கி வந்திருந்த பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார். இருவரும் சாப்பிடவில்லை. அவர் எழுந்து போய் அட்டையை அசைத்தார். அசைந்தது. வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"சும்மா சும்மா தொடாதீங்க பாய்."

"நீ பேசாத."

கடைசியாகப் போனபோது அட்டை வரவில்லை. இழுத்தார், வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்ணைப் பார்க்க முடியாமல் எழுந்து போனேன். குனிந்து பார்த்தால் அட்டை எண்ணெயில் நனைந்து கட்டையோடு ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பினேன். இரும்பில் படாமல் நழுவி வந்தது. இடைவெளி வைத்தது வைத்தபடி இருந்தது.

பாய் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, ஓடும் என்றேன். மரக்கட்டையை டிராக்டரிலேயே கட்டி வைப்பேன், அதை முட்டுக் கொடுக்காமல் யாரும் அடியில் போகக் கூடாது என்றும் சொன்னேன். பாய் காது கேட்காதவர் போல ஆறின பிரியாணியைத் தின்றார்.

தண்டை மாட்டிய பிறகு, கியர் கம்பியின் கிழிந்த உறைமேல் தடித்த பிளாஸ்டிக் பையைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

"இது எதுக்கு?"

"மழைக்கு, பாய்."

பையைத் தடவிப் பார்த்தார். மூலையில் தொங்கிய பிரஷர் பைப்பைப் பார்த்தார்.

"மழை மேலேருந்துதான்யா பெய்யும். நீ கீழயும் சேர்த்துக் கட்டியிருக்க."

நான் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, மரக்கட்டையை அவரே தூக்கி டிராக்டரில் கட்டினார்.