வெள்ளைக்காரன் அடுப்பில் வந்த முகம்

கல்முனை வெயிலில் குளிர்காயும் அடுப்பு வைத்த ஒரே மனிதர் எங்கள் வாப்பாதான். மலைநாட்டுக்கு நெல் ஏற்றிப்போன லொறி திரும்பும்போது, இடித்துக்கொண்டிருந்த பழைய துரை பங்களாவிலிருந்து ஓர் அடுப்பின் பளிங்கு முகப்பை வாங்கி ஏற்றி வந்துவிட்டார். மூத்த மகளான ராத்தாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டின் ஹோல் சுவரில் அதைப் பதித்து, நெருப்பு எரியவேண்டிய குழியில் டீவியை வைத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிற அன்று காலை, உம்மா அந்தப் பளிங்கின் மேல் தடித்துக் கிடந்த பழைய பெயின்றைச் சுரண்டினார். திராட்சைக் கொடி வந்தது. பிறகு நட்டநடுவில், இரண்டு சிறகுகளுக்கிடையே, கன்னம் உப்பிய ஒரு பிள்ளையின் முகம் வந்தது. உம்மா வாப்பாவைக் கூப்பிட்டார். உருவம் வைத்த வீட்டில் மாப்பிள்ளையின் தாயார் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்பது ஊரறிந்த சங்கதி. மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று ராத்தாவிடம் மட்டும் எவரும் கேட்டிருக்கவில்லை.

வாப்பா உளியைத் தூக்கினார். மிச்ச வேலை முடிக்க வந்திருந்த மேசன் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"தட்டினா முழுக்கல்லும் வெடிச்சிரும் ஹாஜி."

திரும்பப் பூசினால் காயாது. துணி போட்டால் தூக்கிப் பார்ப்பார்கள். கடைசியில் உம்மாவின் கண் என்மேல் விழுந்தது. எனக்கு எட்டு வயது. அந்த முகம் சரியாக என் தலை உயரத்தில் இருந்தது.

"அவங்க போகுமட்டும் இதுலயே நில்லு மகள். அசைஞ்சா ராத்தாட கலியாணம் போயிரும்."

நின்றேன். பிடரியில் கல் குளிர்ந்தது, நெற்றியில் வியர்த்தது. மாப்பிள்ளையின் தாயார் தரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இந்தப் புள்ள ஏன் செவரோட ஒட்டிக்கிட்டு நிக்கிது?"

"வெக்கம்," என்றார் உம்மா.

அப்போதுதான் குசினியிலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "தங்கச்சி, இஞ்ச வா, தட்டப் புடி." நான் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். உம்மா கண்ணாலேயே என்னைக் கட்டிப்போட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது மாப்பிள்ளையின் தாயாரே, "போ மகள், ராத்தா கூப்புடுறாதானே," என்றார். பெரியவர் சொல்லை எப்படித் தட்டுவது? போனேன்.

தேநீர்த் தட்டோடு திரும்பியபோது மாப்பிள்ளையின் தாயார் அடுப்பின் முன்னால் நின்று அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஸ்தஃபிருல்லாஹ்! உருவம் இரிக்கிற ஊட்டுக்கு மலக்கு வராதே."

வானவர்களான மலக்குகளுக்குச் சிறகு உண்டு என்று ஓதுகிற இடத்தில் படித்திருந்த நான், எப்படியாவது கலியாணத்தைக் காப்பாற்றிவிட முந்திக்கொண்டேன். "மாமி, அதுவே மலக்குத்தானே! செறக இரிக்கி, பாருங்க," என்றேன். வாப்பா கண்களை மூடிக்கொண்டார். தேநீரை யாரும் தொடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

கலியாணத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு நிலைத்தது. உம்மா கிள்ளிய இடம் கன்றிப்போய்க் கிடந்தது. ராத்தா ஒருத்திதான் என்னை ஏசவில்லை. மடியில் இருத்தி, தன் பங்கு வட்டிலப்பத்தையும் எனக்கே ஊட்டிவிட்டாள். இவ்வளவு நல்லவளுடைய வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று நான் இன்னும் அழுதேன். குசினியில் பெரியும்மா, சாச்சி என்று இரண்டு பெரியவர்கள் வெறுங்கையோடு நின்றிருக்க, ஒரு தட்டைத் தூக்க அவள் என்னை எதற்கு மூன்று தரம் கூப்பிட்டாள் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.