தடுப்பு இல்லாத காலை

"இன்னும் கொஞ்சம் பின்னால போங்க. அந்தக் கம்பத்துகிட்ட. இப்ப அன்னைக்கு வந்த மாதிரியே நடந்து வாங்க."

தையல்காரி கம்பத்தடியிலிருந்து நடந்து வந்தாள். வலது கையில் முழங்கையிலிருந்து விரல்கள் வரை மாவுக்கட்டு. பழைய துணி ஒன்றைக் கழுத்தில் கட்டி அதில் கையைத் தொங்கவிட்டிருந்தாள். குழிக்குச் சற்று முன்னால் அவள் கால் தானாக நின்றுவிட்டது.

"பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல" என்றார் விசாரிக்க வந்த குடிநீர்ப் பிரிவு மேற்பார்வையாளர்.

குழி இடுப்பளவு ஆழம். அடியில் குடிநீர்க் குழாயும் துருப்பிடித்த வால்வும் தெரிந்தன. அதன் மேல் இருந்த வார்ப்பிரும்பு மூடி லாரிச் சக்கரம் ஏறி உடைந்துபோயிருந்தது. புது மூடி கேட்டு எழுதியிருந்தார்கள். வரவில்லை. இப்போது குழியைச் சுற்றிச் சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த இரும்புத் தடுப்பு நின்றது. விசாரணைக்காக ஒரு பக்கம் மட்டும் நகர்த்தி வைத்திருந்தார்.

"கையில என்ன இருந்துச்சு?"

"தைச்ச துணிங்க. பெரிய மூட்டை. கடைக்குக் குடுக்கக் கொண்டுபோனேன்."

"மூட்டை கண்ணை மறைச்சுதா?"

"கீழ சரியாத் தெரியல." அவள் குரல் இறங்கியது. "நான்தான் பாத்து நடந்திருக்கணும். இந்தத் தெருவுல எத்தனை வருஷமா நடக்கறேன். எங்க வீட்டுக்காரர்கூட அதைத்தான் சொல்லித் திட்டறாரு."

அவர் அதை எழுதிக்கொண்டார். எழுதும்போது நெஞ்சுக்குள் எதுவோ இளகியது. இளகியது எது என்று தெரிந்ததும் பேனாவை நிறுத்தி, அதன் பின்னால் செருகியிருந்த மூடியைக் கழற்றி முனையில் மாட்டினார்.

"ஆனா ஒண்ணுங்க" என்றாள் அவள். "இந்தத் தடுப்பு இங்க நின்னுகிட்டே இருந்துச்சு. இதைப் பாத்துத்தான் தினமும் அந்தப் பக்கமா ஒதுங்கிப் போவேன். அன்னைக்குக் காலையில இல்லை. சரி, குழியை மூடிட்டாங்க போலன்னு நினைச்சு நேரா வந்தேன்."

"ம்" என்றார். இதை எழுதவில்லை.

குடிநீர்ப் பிரிவில் அவருக்கு மூடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பள்ளம் தோண்டும் ஆளாகச் சேர்ந்தவர். மற்றவர்கள் வேலை முடிந்ததும் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அவர் மட்டும் எல்லாக் குழிகளையும் திரும்பப் போய்ப் பார்ப்பார். பாதி மூடியிருந்தால் தனியாளாக மூடியை உருட்டிக்கொண்டுவந்து பொருத்துவார். ஒருமுறை கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுந்து ஒரு குழியைப் பார்க்கப் போனார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். "பொண்டாட்டி காணாமப் போனாக்கூட இவன் தேட மாட்டான்யா, மூடி காணாமப் போனாத்தான் தேடுவான்" என்று பேசிக்கொண்டார்கள். மேற்பார்வையாளராக உயர்ந்த பிறகும் பெயர் போகவில்லை. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் அவருக்குக் கோபம் வந்ததில்லை. உள்ளூரப் பிடித்திருந்தது.

அந்தப் பிரிவில் குழிகள் அதிகம், தடுப்புகள் குறைவு. மேலதிகாரி பாதுகாப்பு ஆய்வுக்கு வரும் நாளில் எல்லாத் தடுப்புகளையும் சேகரித்து, அவர் நடக்கப்போகும் தெருவில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துவது வழக்கம். ஆய்வு முடிந்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். "விருந்தாளி வந்தா பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போடற மாதிரி" என்று நெட்டை சொல்வான். நெட்டை அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன். நடுவயதுக்காரன்.

இந்த முறை ஆய்வுத் தெருவின் கடைசியில் ஒரு பள்ளத்துக்குத் தடுப்பு போதவில்லை. "தையல் கடைத் தெரு வால்வுக் குழியில ஒண்ணு நிக்குதுல்ல, அதையும் எடுத்துட்டு வா" என்றார் அவர். நெட்டை தலையைச் சொறிந்தான். "அண்ணே, அதுக்கு மூடி இல்லையே." "அரை நாள்தானேய்யா. யார் விழப்போறா?"

மேலதிகாரி தடுப்புகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த நேரத்தில்தான் தையல்காரி விழுந்தாள்.

அவள் இழப்பீடு கேட்டு மனுப் போட்டாள். எந்தப் பிரிவில் விபத்து நடந்ததோ அந்தப் பிரிவின் மேற்பார்வையாளரே முதலில் விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்பது அலுவலக நடைமுறை. மனு அவர் மேசைக்கே வந்தது.

"ரொம்ப சுலபம்" என்றார் தலைமை எழுத்தர். மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தவர். ஒரு நாளும் நீதிமன்றப் படி ஏறாதவர். அந்த ஏக்கத்தை அலுவலகத்தில் தீர்த்துக்கொள்வார். குழியோரத்தில் எழுதிய தாளைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "நம்ம மேல தப்புன்னு சொல்ல மூணு விஷயம் வேணும். நமக்கு ஒரு கடமை இருக்கணும். அதை நாம செய்யாம விட்டிருக்கணும். விட்டதாலதான் அந்தம்மாவுக்குக் கை உடைஞ்சிருக்கணும். மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் மனு விழுந்துரும்."

"கடமை இருக்கே. நம்ம குழிதானே?"

"இருக்கு. அங்க தப்பிக்க முடியாது. ஆனா பாருங்க, மூட்டை கண்ணை மறைச்சுதுன்னு அவங்க வாயாலயே சொல்லியிருக்காங்க. அவங்க பங்குக்கும் கவனக்குறைவு இருந்தா அந்த அளவுக்கு நம்ம பாரம் குறையும். நல்லா எழுதினா மொத்தமாவே இறக்கி வெச்சிரலாம்." எழுத்தர் தேநீரை ஊதினார். "இன்னொண்ணு. ரெண்டு பக்கமும் கேக்காம முடிவு சொல்லக் கூடாது. அது பெரிய தப்பு, மேல போனா முடிவையே அடிச்சிருவாங்க. அதனால அவங்களைக் கேட்டாச்சுன்னு தெளிவா எழுதுங்க. படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்குங்க. கேட்டுட்டு அப்புறம் நம்ம முடிவை எழுதிக்கலாம்."

"சரி."

"ஆமா, தடுப்பு ஏன் அங்க இல்லை? யார் எடுத்தது?"

அறையின் மூலையில் நெட்டை தண்ணீர்க் குடத்துக்குக் கீழே முக்காலியை நகர்த்திக்கொண்டிருந்தான்.

"யாரோ எடுத்துட்டாங்க" என்றார்.

"அப்ப நல்லதாப் போச்சு. நீங்க எடுக்கச் சொல்லியிருந்தா இதை நீங்க தொடவே கூடாது. தன் வழக்குல தானே தீர்ப்பு சொன்ன மாதிரி ஆயிரும். திருடனே போலீஸ்காரன் தொப்பியைப் போட்டுகிட்டு நின்னா எப்படி?" எழுத்தர் சிரித்தார். அவரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் உதடுகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன.

வெளியே வந்ததும் நெட்டை கூடவே நடந்தான்.

"அண்ணே."

"என்ன?"

"யாரோன்னீங்களே. அந்த யாரோ நான்தானே?"

"உன் பேரை நான் சொல்லலைய்யா."

"சொல்லலை. ஆனா நாளைக்கு எவனாவது தேடினா, தடுப்பைத் தோள்ல வெச்சுத் தூக்கிட்டுப் போனதைத் தெருவே பாத்திருக்கும். என் உயரத்துக்கு வேற எவன்னு நினைப்பாங்க?" சைக்கிளின் பூட்டைத் திறந்தான். "சும்மா கேட்டேண்ணே. கோவிச்சுக்காதீங்க."

அவன் கோவிச்சுக்காதீங்க என்றது அவரை அறைந்த மாதிரி இருந்தது.

வீட்டில் மனைவி ஜன்னல் திரையைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். பாதி தைத்த திரை. மீதியைத் தையல்காரி தைத்துத் தருவதாக இருந்தது.

"அவளைப் பாக்கப் போயிருந்தேன்" என்றாள் மனைவி. "விசாரணைக்கு நீங்கதான் வந்தீங்களாமே."

"ஆமா."

"உங்களைப் பத்தித்தான் பேச்சு. உங்க வீட்டுக்காரர் எவ்வளவு மரியாதையாக் கேட்டாரு தெரியுமாக்கா, பயப்படாதீங்கன்னு கூடவே நின்னாருன்னு சொன்னா. எனக்கே பெருமையா இருந்துச்சு."

அவர் கை கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

"விரல் மடங்கலையாம்" என்றாள் மனைவி உள்ளிருந்து. "கட்டைப் பிரிச்சாலும் கத்தரிக்கோல் பிடிக்கறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாராம். பாவம், மெஷினைத் துடைச்சு துணி போட்டு மூடி வெச்சிருக்கா. தண்ணியை நிறுத்துங்க, எவ்வளவு நேரம் ஓடுது?"

நிறுத்தினார். சாப்பிட உட்கார்ந்தார். மனைவி பரிமாறியதைச் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டோம் என்று பிறகு கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் மாலை வாக்குமூலத்தைச் சுத்தமாக எழுதி எடுத்துக்கொண்டு தையல்காரியின் அறைக்குப் போனார். தெருவை ஒட்டிய சின்ன அறை. சுவரில் சாக்பீஸால் வரைந்த அளவுகள். சிப்பிப் பொத்தான்கள் நிறைந்த கண்ணாடிப் புட்டி. மெஷின் மேல் பூப்போட்ட துணி.

"உக்காருங்க சார். அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க." இடது கையால் ஸ்டூலைத் தூசு தட்டினாள்.

அவர் படித்துக் காட்டினார். பெரிய மூட்டை. கீழே சரியாகத் தெரியவில்லை. நான்தான் பார்த்து நடந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியமும் அவள் சொன்னதுதான். ஒன்றுகூடப் பொய் இல்லை.

"சரிங்க" என்றாள். பேனாவை இடது கையில் வாங்கினாள். எழுத்துக் கோணும் என்று முன்கூட்டியே வெட்கப்பட்டுச் சிரித்தாள். "சின்னப் புள்ள எழுதின மாதிரி இருக்கும். பரவால்லையா?" பேனா முனை தாளுக்கு அருகில் போனது. நின்றது. "தடுப்பு இல்லைன்னு சொன்னேனே சார், அது வேண்டாமுங்களா? இல்ல, தேவையில்லைன்னா விடுங்க. எனக்கு இதெல்லாம் தெரியாது."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"அதை எடுக்கச் சொன்னது நான்தான்" என்றார்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"ஆய்வுக்கு அதிகாரி வந்தாரு. அவர் போற தெருவுல வைக்கத் தடுப்பு போதலை. இங்க இருந்ததை எடுத்துட்டு வரச் சொன்னேன். மூடி இல்லைன்னு ஆள் எச்சரிச்சான். நான்தான் கேக்கலை."

அவள் பேனாவை மெஷின் மேல் வைத்தாள். அது உருண்டது. உருளாமல் இருக்கத் திருப்பி வைத்தாள்.

"அன்னைக்கு என்னைத் திரும்ப நடந்து காட்டச் சொன்னீங்களே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான்தான் பாத்து நடந்திருக்கணும்னு சொன்னேனே. அதை எழுதினீங்களே. அப்பவும்?"

"ஆமா."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவள் மெஷின் மேல் இருந்த துணியின் ஓரத்தை இடது கையால் நேராக்கினாள்.

"வீட்டுக்காரர்கிட்ட இத்தனை நாளா ஏச்சு வாங்கறேன். எனக்கே என் மேல அசிங்கமா இருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டு அவரைப் பார்க்கவில்லை. "அக்காகிட்ட உங்களைப் பத்தி வேற நல்லவிதமாச் சொல்லிட்டேன்."

"தப்புதாம்மா."

"நீங்க போங்க சார்."

எழுந்தார். தாளை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினார். அவள் அதை மாவுக்கட்டுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இது இருக்கட்டும்" என்றாள்.

அடுத்த நாள் அலுவலகம் திறந்ததும் தலைமை எழுத்தரிடம் சொன்னார். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு விசாரணையிலிருந்து அவர் பெயரை நீக்கிக் குறிப்பு எழுதினார். வேறு பிரிவின் மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் பேசினார். மதியம் அந்த மேற்பார்வையாளர் வந்து முதலில் இவரைத்தான் விசாரித்தார். யார் எடுக்கச் சொன்னது, எடுத்த ஆள் முன்பே எச்சரித்தானா என்று கேட்டார். இவர் எல்லாவற்றையும் சொன்னார். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். பிறகு நெட்டையைக் கூப்பிட்டார்கள். அவன் சீக்கிரமே வெளியே வந்து, "ஒண்ணும் இல்லண்ணே, தேநீர் குடிக்கிறீங்களா?" என்றான். அவர் வேண்டாம் என்றார்.

தையல்காரி கணவனுடன் வந்தாள். வராந்தா பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். திரும்பும்போதும் தாண்டிப் போனாள். கணவன் மட்டும் ஒருமுறை நின்று பார்த்தான்.

மாலையில் கிடங்கிலிருந்து பழைய வார்ப்பிரும்பு மூடி ஒன்று கிடைத்தது. அளவு சரியில்லை. ஓரத்தைத் தேய்த்துப் பொருத்தினார்கள். தடுப்பை எடுத்து வண்டியில் ஏற்றினார்கள். மேலதிகாரி விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதம் அவர் மேசையில் இருந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி திரையை முழுக்கக் கையாலேயே தைத்து முடித்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் அதை ஜன்னலில் மாட்டினாள். விளக்கைப் போட்டாள்.